பிசின் சுமக்கும் மருந்து

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் பலரின் மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர் அல்லது எக்ஸ்ஆர் என்று எழுதியிருக்கும். மருந்தை ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் மணிக்கணக்கில் சிறுகச் சிறுக விடும் மாத்திரை அது. அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது, மருந்தோடு சேர்த்து அழுத்தப்பட்டிருக்கும் ஹைட்ராக்சிபுரொப்பைல் மெத்தில்செல்லுலோஸ் என்ற பொருள். மரக்கூழிலிருந்தோ பருத்தி இழையிலிருந்தோ எடுத்த செல்லுலோஸைச் சற்று மாற்றியமைத்தால் அது கிடைக்கிறது. வயிற்று நீர் பட்டதும் மாத்திரையின் மேற்பரப்பு ஊறி வழவழப்பான கூழாகிவிடும். மருந்து அந்தக் கூழைக் கடந்துதான் வெளியே வந்தாக வேண்டும். மருந்து முழுவதும் போன பிறகு மிஞ்சும் கூழ், சில சமயம் மாத்திரை வடிவம் கெடாமலே மலத்தோடு வெளியேறும். மாத்திரை கரையவே இல்லையே என்று பயந்துபோய் டாக்டரிடம் ஓடுபவர்கள் உண்டு. பயப்பட வேண்டியதில்லை, வெளியே வந்தது வெறும் கூடு.

தாவரச் சர்க்கரைச் சங்கிலிகளைக் கொண்டு மருந்தை அளந்து விடும் வித்தை, ஆக, நம் வீட்டு மருந்து டப்பாவிலேயே இருக்கிறது. மெதுவாக வெளியிடும் மருந்துகளின் வணிக வரலாறு 1952இல் ஸ்மித் க்லைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனம் கொண்டுவந்த ஸ்பான்சூல் குளிகையோடு தொடங்குகிறது. 1961இல் களிம்புகளுக்கும் 1963இல் திண்மப் பொருள்களுக்கும் டகேரு ஹிகுச்சி எழுதிய சமன்பாடு, வெளியேறும் மருந்தின் அளவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும் என்று காட்டியது. மருந்தியல் மாணவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

கடந்த முப்பது ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களின் கவனம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. கொத்தவரை, புளியங்கொட்டை, ஆரஞ்சுத் தோல், மரவள்ளி மாவு, வேலம் பிசின், கடற்பாசி என்று கைக்குக் கிடைத்த தாவரப் பொருளையெல்லாம் நானோத் துகளாக்கி அதில் மருந்தை ஏற்றுகிறார்கள். இந்தியாவின் மருந்தியல் கல்லூரிகளில் இது மிகவும் விரும்பப்படும் ஆய்வுத் தலைப்புகளில் ஒன்று. மில்லிமீட்டர் அளவில் நன்றாக வேலை செய்யும் பொருளை நானோமீட்டருக்குச் சுருக்கும்போது கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்பதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டிய காலம் இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடலிலும், கண், மூக்கு போன்ற ஈரப்படலங்களிலும் இந்தப் பொருள்களுக்கு உறுதியான இடம் இருக்கிறது. இரத்தத்தில் செலுத்தும் மருந்தேந்திகளாக இவற்றை நம்புவதற்கு இதுவரை போதுமான சான்று இல்லை.

சங்கிலியின் குணம்

பாலிசாக்கரைடு என்பது சிறு சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோத்த சங்கிலி. மாவுச்சத்தும் செல்லுலோஸும் இரண்டுமே குளுக்கோஸ் மட்டும் கோத்தவைதான். கோத்திருக்கும் பிணைப்பின் திசைதான் வேறு. மாவுச்சத்தில் உள்ள ஆல்ஃபா பிணைப்பை நம் உமிழ்நீரும் கணையநீரும் வெட்டிவிடும். செல்லுலோஸில் உள்ள பீட்டா பிணைப்பை வெட்டும் நொதியை மனித உடல் செய்வதில்லை. சோறு செரிப்பதும் வாழைநார் செரிக்காததும் இந்த ஒரு வேறுபாட்டால்தான்.

கொத்தவரை விதையின் பிசின், அதாவது வணிகத்தில் குவார் கம் என்று வழங்குவது, மேனோஸ் சர்க்கரையால் ஆன பீட்டா முதுகெலும்பில் கேலக்டோஸ் கிளைகளைக் கொண்டது. இரண்டு மேனோஸுக்கு ஒரு கேலக்டோஸ் என்பது அதன் விகிதம். கேரோப் விதைப் பிசினில் அதே விகிதம் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று. கிளை குறையக் குறையச் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டும், கரைதிறன் குறையும். புளியங்கொட்டைப் பருப்பில் இருப்பது சைலோகுளுக்கன்: குளுக்கோஸ், சைலோஸ், கேலக்டோஸ் மூன்றும் சுமார் 3:2:1 விகிதத்தில் சேர்ந்தது. இதன் கேலக்டோஸ் கிளைகளில் ஒரு பகுதியை நொதியால் வெட்டிவிட்டால், அறை வெப்பத்தில் நீர்மமாக இருக்கும் கரைசல் உடல் வெப்பத்தில் கூழாகிவிடும். நெசவுப் பாவுக்கும் சணலுக்கும் பசையாகப் போன புளியங்கொட்டை மாவு மருந்தியல் ஆய்வுக்குள் வந்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

1825இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராக்கோனோ பிரித்தெடுத்த பெக்டின் எதிர்மின் சுமை கொண்ட சங்கிலி. கால்சியம் அயனிகள் சேர்ந்தால் இரண்டு சங்கிலிகளுக்கு இடையிலான பள்ளங்களில் கால்சியம் போய் உட்கார்ந்து அவற்றைப் பூட்டிவிடும். முட்டைப் பெட்டியில் முட்டை உட்காருவதைப்போல என்று 1973இல் இதற்கு ஒரு மாதிரி வரைந்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பழுப்புக் கடற்பாசியின் ஆல்ஜினேட்டும் இப்படித்தான் கூழாகிறது. உயிரியல் வகைப்பாட்டில் பழுப்புப் பாசிகள் தாவரத்தோடு சேராது என்றாலும் மருந்தியலில் அதையும் இந்தக் குடும்பத்தில் வைத்தே பேசுகிறார்கள்.

சில இடங்களில் தாவரமே நானோத் துகளைச் செய்து தருகிறது. இனிப்புச் சோளத்தில் ஒரு மரபணு மாற்றத்தால், மாவுச்சத்தாகச் சேமிக்கப்பட வேண்டிய குளுக்கோஸ் அடர்ந்த கிளைகளோடு கோள வடிவத் துகளாகத் தங்கிவிடுகிறது. ஃபைட்டோகிளைக்கோஜன் என்ற இந்தத் துகளின் குறுக்களவு சில பத்து நானோமீட்டர்தான். நீரில் நன்றாகக் கரையும். கனடாவின் குவெல்ஃப் நகரத்தில் இதைப் பிரித்தெடுத்து ஆய்ந்து வருகிறார்கள். எந்தக் கடும் வேதிப்பொருளும் இல்லாமல் ஒரே அளவுத் துகள் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. இதற்கு இன்னும் கூடுதல் கவனம் கிடைத்திருக்க வேண்டும்.

சுருக்கும்போது நடப்பது

துகள் செய்யும் வழிகள் பல. பெக்டினையும் ஆல்ஜினேட்டையும் நீர்த்த கரைசலில் வைத்துக் கொஞ்சமாகக் கால்சியம் விடலாம். எதிர்மின் சங்கிலியோடு, நேர்மின் சங்கிலியான கைட்டோசானைக் கலந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளச் செய்யலாம். மாவுக் கரைசலை ஆல்கஹாலில் சொட்டுச் சொட்டாக விட்டு வீழ்படிவாக்கலாம். கடும் கந்தக அமிலத்தால் செல்லுலோஸின் ஒழுங்கற்ற பகுதியைக் கரைத்து, மிஞ்சும் படிகத் துணுக்குகளை எடுக்கலாம். குவார், புளியங்கொட்டைப் பிசின் போன்ற சுமையற்ற சங்கிலிகளுக்கு இவற்றில் சில வழிகள் ஒத்துவராததால் குளூட்டரால்டிஹைடு, எபிகுளோரோஹைட்ரின் போன்றவற்றால் குறுக்குப் பிணைப்புப் போடுகிறார்கள். குளூட்டரால்டிஹைடு உயிரணுக்களுக்கு நச்சு. எபிகுளோரோஹைட்ரினைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இயற்கைப் பொருள், பசுமை வேதியியல் என்று முன்னுரையில் எழுதிவிட்டு, செய்முறைப் பகுதியில் இந்தப் பொருள்களைச் சேர்க்கும் கட்டுரைகளில், கழுவிய பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற அளவீடு இருந்தே தீர வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அது இயற்பியலில் இருக்கிறது. ஒரு மூலக்கூறு விரவலால் ஒரு தொலைவைக் கடக்க எடுக்கும் நேரம், அந்தத் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நீரில் ஊறிய பிசின் கூழில் சிறிய மருந்து மூலக்கூறு ஒன்றின் விரவல் எண்ணை நொடிக்கு 10⁻¹⁰ சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கூழ் உருண்டையிலிருந்து அது வெளியேற ஏறத்தாழ 10,000 நொடிகள் ஆகும், அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே கூழால் ஆன 100 நானோமீட்டர் ஆரமுள்ள துகளிலிருந்து வெளியேற ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். ஊறிய கூழின் வலைக்கண் சில நானோமீட்டர் அகலம். மருந்து மூலக்கூறோ சுமார் 1 நானோமீட்டர். பிடித்துவைக்க அங்கே எதுவும் இல்லை.

மாத்திரை அளவில் மருந்தை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்த அதே பிசின், நானோ அளவில் கண்ணிமைக்கும் நேரம்கூட நிறுத்தாது என்பதுதான் இதன் பொருள். நானோத் துகளில் கட்டுப்பாடு வேண்டுமென்றால் மருந்துக்கும் சங்கிலிக்கும் இடையில் உண்மையான பிடிப்பு வேண்டும். மருந்தைச் சங்கிலியோடு வேதிப் பிணைப்பால் கட்டி, குறிப்பிட்ட நொதியோ அமிலமோ மட்டும் அந்தக் கட்டை அவிழ்க்கும்படி செய்யலாம். நீரை வெறுக்கும் கொழுப்புச் சங்கிலிகளைப் பிசினில் ஒட்டி, துகளின் நடுவே மருந்து ஒதுங்க இடம் செய்யலாம். எதிரெதிர் மின்சுமையால் பிடித்துவைக்கலாம். அல்லது வலைக்கண்ணுக்குள் நுழைய முடியாத பெரிய சரக்கை, புரதத்தையோ ஆர்என்ஏவையோ, ஏற்றலாம். இவை எதுவும் இல்லாமல் வெறும் ஊறும் பிசினில் மருந்தைக் கலந்து, 24 மணி நேரம் சீராக வெளியிட்டது என்று வரைபடம் போட்டால் அதை நம்பத் தயங்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் அந்த வரைபடங்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலான சோதனைகளில் துகள்களை டயாலிசிஸ் பையில் போட்டுக் கட்டி, பாஸ்பேட் தாங்கல் கரைசலில் மூழ்கவைத்து, வெளிக்கரைசலில் மருந்து எவ்வளவு வந்தது என்று நேரத்துக்கு நேரம் அளக்கிறார்கள். மருந்து துகளிலிருந்து வெளியே வந்தாலும் பையின் சவ்வைக் கடக்க நேரம் எடுக்கும். மருந்து நீரில் எளிதில் கரையாததாக இருந்தால் பைக்குள்ளேயே படிந்து கிடந்து, கரைந்த அளவுக்கு மெதுவாக வெளியேறும். அளந்தது துகளின் கட்டுப்பாட்டையா, சவ்வின் தடையையா, மருந்தின் கரைதிறனையா என்று தெரிய வேண்டுமென்றால் துகளே இல்லாமல் வெறும் மருந்தை அதே பையில் போட்டு ஒப்பிட வேண்டும். எளிய சோதனைதான். அது இல்லாத கட்டுரைகள் ஏராளம்.

பெருங்குடல்: சொந்த மண்

தாவரப் பாலிசாக்கரைடுகள் தங்கள் இயல்பாலேயே வெற்றி பெறும் இடம் பெருங்குடல். மனித மரபணுத்தொகுதியில் உணவின் சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் நொதிகள் இருபதைத் தாண்டாது. நம் பெருங்குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் தீட்டாஅயோட்டாமைக்ரான் என்ற ஒரே ஒரு பாக்டீரியாவிடம் அத்தகைய நொதிகளுக்கான மரபணுக்கள் இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. புளியங்கொட்டையில் உள்ள அதே வகைச் சைலோகுளுக்கனை உடைக்கத் தேவையான மரபணுக்கள் அனைத்தும் பாக்டீராய்ட்ஸ் ஒவேட்டஸில் ஒரே தொகுப்பாக அமைந்திருப்பதை 2014இல் கண்டறிந்தார்கள். நாம் செரிக்காததை நம்மோடு வாழ்பவை செரிக்கின்றன. குவார், பெக்டின், சைலோகுளுக்கன் ஆகியவற்றுள் பொதிந்த மருந்து இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்து போய், பெருங்குடலில் பாக்டீரியாக்கள் பொதியை உண்ணும்போது விடுபடும். பூட்டும் சாவியும் அங்கேயே இருக்கின்றன. புதிதாக எதையும் வடிவமைக்க வேண்டியதில்லை.

இதை மனிதர்களிடம் காட்டியவர்களில் இந்தியர்களும் உண்டு. விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ஒய்.எஸ்.ஆர். கிருஷ்ணய்யா குழுவினர் குவார் பிசின் மாத்திரையில் டெக்னீசியம் கதிரியக்கத் தடயத்தை வைத்து, நலமான தன்னார்வலர்களிடம் கொடுத்து, காமா கேமராவால் அதன் பயணத்தைப் பின்தொடர்ந்தார்கள். 1998இல் வெளிவந்த அந்த ஆய்வில், மாத்திரையின் மேற்பரப்பில் இருந்த சிறு பகுதி மேல் குடலிலேயே போய்விட்டது. பெரும்பகுதி பெருங்குடல் வரை போய்ச் சேர்ந்தது. ஆடம்பரம் இல்லாத, தெளிவான சோதனை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது.

மருந்துக்கடை வரை வந்த உதாரணமும் உண்டு. பெருங்குடல் புண் அழற்சிக்கான மெசலசீனின் 1600 மி.கி. மாத்திரையை சுவிட்சர்லாந்தின் டில்லாட்ஸ் நிறுவனம் ஐரோப்பாவில் விற்கிறது. அதன் பூச்சில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, குடலின் பிஹெச் 7ஐ எட்டும்போது கரையும் செயற்கைப் பாலிமர். மற்றொன்று, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் பாக்டீரியாக்களால் மட்டும் செரிக்கப்படும் வகை மாவுச்சத்து. சிலருக்குக் குடலின் பிஹெச் அந்த அளவை எட்டாமலே போகும். அப்போது பாக்டீரியா கைகொடுக்கும். லண்டனில் அப்துல் பாசித்தின் ஆய்வுக்குழு வளர்த்தெடுத்த யோசனை இது. நானோ அளவில் எதுவும் இல்லாத மாத்திரை நோயாளியின் கைக்கு வந்துவிட்டது. எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமாக வெளிவந்த நானோத் துகள் கட்டுரைகளால் இந்த இடத்தை இன்னும் எட்ட முடியவில்லை.

பெருங்குடலில் நானோ அளவுக்கென்று தனிப் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. 2001இல் லாம்ப்ரெக்ட் குழுவினர் குடல் அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்குப் பல அளவுத் துகள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 100 நானோமீட்டர் அளவுத் துகள்கள், பெரிய துகள்களைவிட அழன்ற திசுவில் கூடுதலாக ஒட்டித் தங்கின. நலமான திசுவைவிட நோயுற்ற திசுவில் அதிகம் தங்குவது மருத்துவத்தில் கிடைப்பதற்கரிய வாய்ப்பு. அதைப் பயன்படுத்த, சிறு துகள்களைப் பெருங்குடல் வரை கொண்டுசேர்க்கும் வெளிப்பொதி வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் டிடியே மெர்லின் குழுவினர் 2010இல் அழற்சியைத் தணிக்கும் ஒரு சிறு பெப்டைடை நானோத் துகளில் ஏற்றி, அந்தத் துகள்களை ஆல்ஜினேட்டும் கைட்டோசானும் சேர்ந்த கூழில் வைத்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். வழக்கமாகத் தேவைப்படுவதைவிட மிகக் குறைந்த மருந்தில் அழற்சி தணிந்தது. பிசின் வெளியே காவலுக்கு, நானோத் துகள் உள்ளே வேலைக்கு என்ற இந்த ஏற்பாடுதான் எனக்கு இத்துறையில் மிக நம்பிக்கை தருவது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஆண்டிபயாட்டிக் எடுத்த நோயாளியிடமும், கடும் அழற்சியால் பாக்டீரியாச் சமூகம் மாறிப்போன நோயாளியிடமும் பொதி எப்படித் திறக்கும் என்பதைத் தனியே சோதிக்க வேண்டும்.

கண்ணும் மூக்கும்

புளியங்கொட்டைச் சைலோகுளுக்கன் இத்தாலியில் உலர்கண் நோய்க்குச் சொட்டு மருந்தாகியிருக்கிறது. கண்ணின் மேற்பரப்பில் உள்ள மியூசின் புரதத்தைப் போன்ற கட்டமைப்பு அதற்கு இருப்பதால் சொட்டு விரைவில் வழிந்துவிடாமல் ஒட்டித் தங்கும். கண்ணில் விடும் சாதாரணச் சொட்டு மருந்தின் பெரும்பகுதி சில நிமிடங்களில் கண்ணீரோடு போய்விடுகிறது. அங்கே ஒட்டும் தன்மையே பாதி மருத்துவம்.

மூக்கில் பெக்டின் இன்னும் தெளிவாக வென்றது. புற்றுநோயாளிகளுக்குத் திடீரென எழும் கடும் வலிக்கான ஃபென்டனில் ஸ்பிரே 2010இல் ஐரோப்பாவிலும் 2011இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அதில் பெக்டின் கரைந்திருக்கிறது. மூக்கின் ஈரத்தில் இருக்கும் கால்சியத்தைத் தொட்டதும் ஸ்பிரேத் துளிகள் மெல்லிய கூழாகி, மருந்தை உச்சத்துக்குத் துள்ளவிடாமல் அளவாக உள்ளே அனுப்புகின்றன. ஜாம் கெட்டியாவதற்குப் போடும் அதே பெக்டின் குடும்பம்தான். இங்கேயும் நானோ கிடையாது. இரண்டு உதாரணங்களிலும் பொருளின் குணத்தை உணர்ந்து இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வெற்றி அங்கிருந்து வந்தது.

இரத்தம் வேறு உலகம்

இரத்தத்தில் செலுத்தும் நானோ மருந்துகளுக்கு முன்னோடி 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற லிப்போசோம். 2005இல் ஆல்புமின் புரதத்தோடு கட்டிய பாக்லிடாக்செல் வந்தது. ஒன்று கொழுப்பு, மற்றொன்று புரதம். இரண்டையும் பிரித்துப்போடும் வழி உடலுக்குத் தெரியும். பீட்டா பிணைப்பால் ஆன பிசினைப் பிரிக்கும் வழி மனிதத் திசுக்களுக்குத் தெரியாது. குடலில் வரமாக இருந்த அதே குணம் இரத்தத்தில் சுமையாகிறது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற, துகள் சுமார் 6 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைவிடப் பெரியவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேரும். சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு, மாதக்கணக்கில் விலங்குகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு மட்டுமே பதில் சொல்ல முடியும்.

மாவுச்சத்திலேயே இதற்கு ஒரு கடுமையான பாடம் இருக்கிறது. சோளம் அல்லது உருளைக்கிழங்கு மாவில் ஹைட்ராக்சிஎத்தில் குழுக்களைச் சேர்த்து, அமிலேஸ் நொதி சீக்கிரம் வெட்டாதபடி செய்து, இரத்த அளவை ஈடுகட்டும் திரவமாகப் பல ஆண்டுகள் உலகெங்கும் ஏற்றினார்கள். இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அது சிறுநீரகத்திலும் தோலிலும் தங்கியது. 2012இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் கடும் இரத்தநச்சு நோயாளிகள் 798 பேரிடம் நடந்த ஆய்வில், 90 நாள்களுக்குள் இறந்தவர்கள் இந்த மாவுத் திரவம் பெற்றோரில் 51%, ரிங்கர் அசிடேட் என்ற உப்புத் திரவம் பெற்றோரில் 43%. 2013இல் அமெரிக்க எஃப்டிஏ கடும் எச்சரிக்கை விடுத்தது. 2022இல் ஐரோப்பிய மருந்து முகமை உரிமங்களை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. உணவில் பாதுகாப்பானது என்பதால் இரத்தக் குழாய் வழியாகவும் பாதுகாப்பானது என்று எழுதும் ஒவ்வொரு முன்னுரைக்கும் இந்த வரலாறு பதில். வாய்வழியிலேகூட அளவும் வடிவமும் முக்கியம். குவார் பிசினை உடல் மெலிய மாத்திரையாக அமெரிக்காவில் விற்றபோது, அது உணவுக்குழாயில் ஊறி அடைத்துப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள்; 1990இல் எஃப்டிஏ தலையிட்டது.

நேர்மாறான பாடம் சைக்ளோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை ஒரு பாக்டீரிய நொதி ஆறு முதல் எட்டு குளுக்கோஸ் கொண்ட வளையமாக வெட்டித் தருகிறது. வளையத்தின் உட்புறம் நீரை வெறுக்கும், வெளிப்புறம் விரும்பும். கரையாத மருந்து உள்ளே ஒதுங்கும். கொரோனா காலத்தில் அலைந்து திரிந்து வாங்கிய ரெம்டெசிவிர் ஊசி கரைந்திருந்ததும் இந்தக் குடும்பத்துப் பொருள் ஒன்றின் துணையால்தான். மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் சிறுநீரோடு வெளியேறிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை.

இதே சைக்ளோடெக்ஸ்ட்ரினைப் பாலிமராக்கி கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் டேவிஸ் நானோத் துகள் செய்தார். அதில் ஆர்என்ஏவை ஏற்றிப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தியபோது, கட்டிக்குள் துகள்கள் போய்ச் சேர்ந்ததையும் குறித்த மரபணுவின் செய்தி வெட்டப்பட்டதையும் 2010இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். மனித உடலில் அப்படிக் காட்டியது அதுவே முதல்முறை. ஆனாலும் அது மருந்தாக வரவில்லை. அதே தளத்தில் காம்ப்டோதெசினைக் கட்டிய இன்னொரு துகளும் சிறுநீரகப் புற்றில் இரண்டாம் கட்டச் சோதனையைத் தாண்டவில்லை. அறிவியல் வென்று மருந்து தோற்ற கதை இது. அந்த உழைப்பின் மதிப்பு இதனால் குறையாது.

கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுகுவதால் நானோத் துகள் தானாக அங்கே சேரும் என்று 1986இல் மட்சுமுராவும் மயேதாவும் சொன்னது இந்தத் துறையின் அடித்தளம். டொராண்டோவில் வாரன் சான் குழுவினர் பத்தாண்டு ஆய்வுக்கட்டுரைகளைத் தொகுத்து 2016இல் கணக்கிட்டபோது, செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தது இடைநிலை மதிப்பில் 0.7%தான். பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகிறது. பிசின் துகள்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்: கல்லீரல் உயிரணுக்களில் கேலக்டோஸைப் பிடிக்கும் ஏற்பியும், அந்நியப் பொருள்களை விழுங்கும் மேக்ரோபேஜ் உயிரணுக்களில் மேனோஸைப் பிடிக்கும் ஏற்பியும் இருக்கின்றன. குவார் பிசினில் இரண்டு சர்க்கரையும் உண்டு. மறைந்து ஓட வேண்டிய துகளுக்கு இதைவிடப் பொருந்தாத உடை இல்லை. ஆனால் நோயே கல்லீரலிலோ மேக்ரோபேஜிலோ இருந்தால் இந்தக் குறை வாய்ப்பாகிவிடும். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் டோம்ப் குழுவினர் லார்ச் மரத்தின் அரபினோகேலக்டனோடு ஆம்ஃபோடெரிசின் பி மருந்தைக் கட்டி, விலங்குகளில் லீஷ்மேனியாவுக்கு எதிராக நச்சுக் குறைத்துக் காட்டினார்கள். பீகாரில் காலா-அசார் நோயை உண்டாக்கும் இந்த ஒட்டுண்ணி மேக்ரோபேஜுக்குள்தான் ஒளிந்து வாழ்கிறது. இந்திய ஆய்வாளர்கள் இந்தப் பிசின்களை இரத்தத்தில் செலுத்தித்தான் பார்க்க வேண்டும் என்றால், பார்க்க வேண்டிய இடம் இது.

வயலிலிருந்து குப்பி வரை

உலகின் குவார் உற்பத்தியில் சுமார் 80% இந்தியாவுடையது. அதிலும் பெரும்பகுதி ராஜஸ்தானின் மானாவாரி நிலங்களில் விளைகிறது. 2011-12இல் அமெரிக்காவின் ஷேல் எண்ணெய்க் கிணறுகளுக்குக் குவார் தேவைப்பட்டு விலை பல மடங்கு ஏறி, பிறகு சரிந்தது. விவசாயி எதை நம்பி விதைப்பது என்று தெரியாத நிலை. 2007இல் இந்தியாவிலிருந்து போன குவார் பிசினில் பென்டாகுளோரோஃபீனாலும் டயாக்சினும் கலந்திருப்பதை ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். மறுஆண்டு முதல் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் அங்கே இறக்க முடியாது என்றாயிற்று. உணவுத் தரத்திலேயே இப்படி என்றால், மருந்துத் தரத்துக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

தாவரம் தொழிற்சாலை இல்லை. மழைக்கும் மண்ணுக்கும் ரகத்துக்கும் ஏற்பச் சங்கிலியின் நீளம் மாறும், கிளைகளின் எண்ணிக்கை மாறும். ஒட்டிக்கொண்டு வரும் புரதமும் மாறும். மன்னார் வளைகுடாவில் எடுத்த சர்காசம் பாசியின் ஆல்ஜினேட்டும் நார்வேக் கடலின் ஆல்ஜினேட்டும் ஒரே இறுக்கத்தில் கூழாகாது. சாதாரண மாத்திரையில் இந்த வேறுபாட்டைச் சமாளித்துவிடலாம். 100 நானோமீட்டர் துகளில் அளவும் மின்சுமையும் வெளியீடும் ஒரு சேர மாறிவிடும். கடையில் வாங்கிய பிசின் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கவே முடியாது. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019 அக்டோபரில் வெளியிட்ட நானோ மருந்து மதிப்பீட்டு வழிகாட்டியும், 2022இல் எஃப்டிஏ இறுதி செய்த வழிகாட்டியும் மூலப்பொருளின் தன்மையை முழுதாக விவரிக்கச் சொல்கின்றன.

ஏற்றும் மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாவரப் பிசின் துகள் கட்டுரைகளில் அடிக்கடி ஏறும் பயணி மஞ்சளின் குர்குமின். நிறம் இருப்பதால் அளப்பது எளிது, விலை குறைவு, பெயரும் நல்லது. 1997இலேயே காட்டினார்கள்: உடல் வெப்பத்தில், பிஹெச் 7.2 தாங்கல் கரைசலில் குர்குமினின் 90% அரை மணி நேரத்தில் சிதைந்துவிடும். அந்தக் கரைசலில் 48 மணி நேர வெளியீட்டு வரைபடம் வரைபவர்கள், அளந்தது குர்குமினைத்தானா என்று முதலில் நிறுவ வேண்டும். குர்குமினின் வேதியியலை விரிவாக ஆய்ந்த 2017ஆம் ஆண்டின் புகழ்பெற்ற திறனாய்வு ஒன்று, அது நிலையற்றது, சோதனைகளில் பொய்யான நேர்முடிவு தரக்கூடியது, உறுதியான மருத்துவ வெற்றி அதற்கு இல்லை என்று எழுதியது. மஞ்சள் மீது நமக்குள்ள பற்று இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் காரணமாகிவிடக் கூடாது.

நம் மாணவர்களிடம் திறமையும் உழைப்பும் குறைவில்லை, மூலப்பொருளும் காலடியில் கிடக்கிறது. எனவே மருந்தியல் கல்லூரிகளின் வழிகாட்டிப் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிசின் எந்தச் செடி, எந்த நிலம், சங்கிலியின் எடை என்ன, புரதம் எவ்வளவு என்று ஆய்வேட்டில் எழுதச் சொல்லுங்கள். துகள் இல்லாத மருந்தை அதே டயாலிசிஸ் பையில் போட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். குறுக்குப் பிணைப்புப் பொருளின் மிச்சத்தை அளக்கச் சொல்லுங்கள். பெருங்குடலுக்கான மருந்து என்றால் வெறும் தாங்கல் கரைசலை விட்டுவிட்டு மனிதக் குடல் பாக்டீரியாக்களோடு சோதிக்கச் சொல்லுங்கள். இந்த நான்கும் இல்லாத வெளியீட்டு வரைபடத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.